ஓடைக்குக் கிழக்கு

என் பேரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் கோவில்பட்டி கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்தபோது மற்றவர்கள் நிலத்தை விற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நிலத்தை விற்பதாக ஒப்பந்தம் போட்டவர், தீர்ப்பான பிறகும் பத்திரம் எழுதித்தர மறுத்தால், அவருக்குப் பதிலாகக் கோர்ட்டே எழுதிக் கொடுக்கும். அதற்கு என்னைப் பத்திர ஆபீசுக்கு அனுப்புவார்கள்.

முதல் தடவை போனது கோமதியம்மாளின் வழக்குக்கு. ஆடு மேய்ப்பவர். பாதி ஆடுகளை விற்று முன்பணம் கொடுத்து, மூன்று ஏக்கர் கரிசலுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார். விற்க ஒப்புக்கொண்டவர் பலசரக்குக்கடை ராமசாமி. அந்தப் பக்கம் பெரிய ரோடு வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் அவர் மனசு மாறிவிட்டது. வழக்கு ஏழு வருஷம் நடந்தது. கோமதியம்மாள் ஒரு வாய்தாகூடத் தவறவில்லை.

சார்பதிவாளர் பத்திரத்தைச் சத்தமாகப் படித்தார். "ஓடைக்குக் கிழக்கு..."

"மேற்கு" என்றது வாசலில் ஒரு குரல்.

ராமசாமி நின்றிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

"எங்கய்யா உழுத நிலம் ஓடைக்கு மேற்க கெடக்கு. நீங்க அங்கிட்டுக் கொண்டு வச்சிட்டிய. கிழக்க பூராவும் புறம்போக்குல்லா?"

கோமதியம்மாள் சீறினார். "நம்பாதீங்க அண்ணாச்சி. இன்னும் ஏழு வருசம் இழுக்கப் பாக்குதாவ."

நான் கேட்டேன். "ஏம்மா, ஓடையில நின்னா நிலம் பொழுது விடியுத பக்கமா, அடையுத பக்கமா?"

கண்ணை மூடி யோசித்தார். "அடையுத பக்கம்."

ஒப்பந்தம் எழுதியவர் செய்த பிழை. அது வழக்குரையில் ஏறி, தீர்ப்பிலும் ஏறிவிட்டது. இரண்டு வக்கீல், ஒரு நீதிபதி, நான், நான்கு பேரும் படித்திருந்தோம். யாரும் ஓடையைப் பார்த்ததில்லை. அன்று பதிந்திருந்தால் கோமதியம்மாள் கையில் புறம்போக்குக்குத்தான் பத்திரம் இருந்திருக்கும்.

வெளியே டீக்கடையில் ராமசாமியிடம் கேட்டேன். "பேசாம இருந்திருந்தா உங்களுக்குத்தான லாபம்?"

"பேசாம இருக்கணும்னுதான் வந்தேன். கேட்டுக்கிட்டு நிக்க முடியல." டீயைப் பாதியில் வைத்தார். "ஆனா கிரையத்துல கையெழுத்துப் போடமாட்டேன், பாத்துக்கிடுங்க."

திருத்த மனு போட்டோம். ஆட்சேபணை இல்லை என்று ராமசாமி எழுதி, அதில் மட்டும் தயங்காமல் கையெழுத்துப் போட்டார். திருத்திய பத்திரத்தில் நான்தான் போட்டேன். அன்றும் அவர் வாசலில் நின்றார். கோமதியம்மாள் பத்திரத்தோடு வெளியே வந்து, அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "விதைக்க முன்ன ஒரு நாள் வந்து எல்லைக்கல்லக் காட்டிட்டுப் போங்க."

"வாரேன்" என்றார் ராமசாமி. போனதாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு எந்தப் பத்திரமானாலும், பதியும் முன்பு பிரதிவாதிக்கும் சொல்லி அனுப்புவேன். அவர் வரவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் விற்க மனசில்லாதவருக்கு நிலம் நன்றாகத் தெரியும். சிலர் வந்து என்னையும் கோர்ட்டையும் சேர்த்துத் திட்டுவார்கள். திட்டி முடிக்கும்வரை காத்திருந்து, நான்கு எல்லையையும் படித்துக் காட்டுவேன்.