பவுசரை மறித்த அக்காவும் எங்கள் கடனும்

மன்னார் நகரசபையில் நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த காலம். ஊரின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் எங்கள் பழைய நிலையம் அரைகுறையாகத்தான் வேலை செய்தது. மணல் நிலம் என்பதால் அழுக்கு ஊறிப்போய்ப் பக்கத்துக் கிணறுகள் கெட்டன. நிலையத்தைப் புதுப்பிக்க அரசாங்கத்திடம் கடன் கேட்டிருந்தோம்.

முடிவெடுக்குமுன் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி ஊர்க்கூட்டத்துக்கு வந்தார். நிலையத்துக்கு அருகில் குடியிருந்து கருவாடு போடும் அக்கா பேச எழும்பியதும் எனக்குப் பகீரென்றது. நாற்றம் தாங்காமல் கழிவுநீர் ஏற்றிவரும் எங்கள் பவுசர் வண்டியை ஒருமுறை நடுரோட்டில் மறித்தவர் அவர்.

"இதை மூடச் சொல்லத்தான் இருந்தனான்," என்றார். என்னைக் கைகாட்டினார். "நேற்று இந்தப் பிள்ளை என்னை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டுபோய் எல்லாத்தையும் காட்டினவ. மூடினா அழுக்கு முழுக்க எங்கட கிணத்துக்குத்தான் வரும். கடனைக் குடுங்கோ ஐயா. வரியாக் கட்டப்போறது நாங்கள்தானே, வடிவாச் செய்து தரட்டும்."

அதிகாரிக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாததால் அதை நான் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி அக்காவைப் பார்த்துத் தமிழிலேயே, "ஓம் அம்மா," என்றார்.

கடன் கிடைத்தது. வேலை முடிந்து புதுத் தொட்டியிலிருந்து முதல் தண்ணீர் வந்தபோது, கண்ணாடிக் குவளையில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினேன். அடியில் ஒரு மண்டியும் இல்லை.

"குடிக்கேலாதெண்டு தெரியும்," என்றார் அக்கா. "எண்டாலும் எங்கட ஊரிலயே செய்துபோட்டம், என்ன?"

"ஓம் அக்கா, செய்துபோட்டம்," என்றேன். பிறகு பெரிய கந்தோர்களிலும் வேலை பார்த்திருக்கிறேன். அன்றுபோல் நெஞ்சு நிமிர்ந்ததில்லை.