நாவலப்பிட்டிக்குப் போன கார்

காயல்பட்டினத்தில் துணிக்கடையில் முழம் போட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண்டியில் பெண் அமைந்தது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு போய் இருக்க வேண்டும். தூத்துக்குடியில் கப்பலேறினேன். மாமனாருக்குக் கட்டுகஸ்தோட்டைத் தெருவில் மோட்டார் கராஜ். வீடு அதற்குப் பின்னால். மூன்றாம் நாளே மனைவியின் அண்ணன் வேலைக்குக் கட்டிக்கொள்ள ஒரு பழைய சாரத்தை என் கையில் தந்தார். "வாங்க மச்சான், சும்மா இருந்தா உடம்புக்கு ஆகாது."

அவருக்கும் என் வயதுதான். ஒரு வேலையை ஒருமுறைதான் காட்டுவார். எனக்கோ எதிலும் நிலைகொள்ளாது. சக்கரத்தைக் கழற்றும்போதே மனம் தூத்துக்குடி வரை போய்த் திரும்பும். ஊருக்கே போய்விடலாமா என்று நினைக்காத நாளில்லை.

நாவலப்பிட்டியில் மாமியின் உறவில் ஒரு கலியாணம். முதல் நாள், வீட்டுக் காரின் ஸ்டியரிங் கம்பியைக் கழற்றிப் பூட்டும் வேலையை மச்சான் என்னிடம் விட்டார். மறுநாள் காலை மாமா, மாமி, என் மனைவி மூவரையும் ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டிப் போனார். கராஜைப் பார்த்துக்கொள்ள நான் நின்றேன்.

மேசையைத் துடைத்தபோது அழுக்குத் துணிக்கடியில் ஒரு ஸ்பிளிட் பின் கிடந்தது. நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே செருகி மடக்கும் சின்னக் கம்பி. மச்சான் நேற்று எடுத்துத் தந்த புதுப் பின். முனை மடங்கவே இல்லை. நட்டை இறுக்கியது நினைவிருந்தது. பின்னை நான் போடவில்லை.

பின்னையும் நட்டு முடுக்கும் சாவியொன்றையும் இடுப்பில் செருகிக்கொண்டு, அழுக்குச் சாரத்தோடு ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் மேலும் கீழும் நடந்தேன். ஏறிய பிறகும் உட்கார முடியவில்லை. கார் போகும் பாதை கண்ணில் படும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். கம்பளைக்கு முன் ஓரிடத்தில் கூட்டம். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிப் பார்த்தேன். குடைசாய்ந்து கிடந்தது ஒரு மாட்டுவண்டி.

"ஒக்காருங்க தம்பி, விழுந்துடப் போறீங்க" என்றார் பக்கத்திலிருந்த தேயிலைத் தோட்டத்து மனிதர்.

கலியாண வீட்டு வாசலில், பலாமரத்தடியில் கார் முழுசாக நின்றது. யாரிடமும் பேசாமல் அடியில் நுழைந்தேன். நட்டு கடைசி இரண்டு புரியில் தொங்கியது. இறுக்கி, பின்னைப் போட்டு, முனையை மடக்கினேன். வெளியே வந்தால் எதிரே மச்சான். அவர் பின்னால் கலியாணத்துக்கு வந்த பாதிப்பேர்.

"என்ன மச்சான் இது?"

"பின் போட மறந்திட்டேன்."

அவர் குனிந்து நட்டைப் பார்த்தார். "வரக்குள்ள ஸ்டியரிங் ஆடிச்சு. ரோட்டுக் குழி எண்டு நெனச்சேன்." காருக்குள் எட்டிப் பார்த்தார். "என்ட தங்கச்சி உள்ள இருந்தாள்." திரும்பிப் போய்விட்டார். அடித்திருந்தால் ஆறியிருப்பேன்.

"மகன், சாப்பிட வாங்க" என்று மாமா கூப்பிட்டார். அழுக்குச் சாரத்தைக் காட்டி வாசலிலேயே நின்றுகொண்டேன்.

மறுநாள் காலை மனைவியிடம், "நான் ஊருக்குப் போறேன்" என்றேன்.

"போங்க. அந்த லொறிட பிரேக்க முடிச்சிட்டுப் போங்க."

முடித்தேன். அவள் கராஜ் கதவைச் சாத்தினாள், முக்காட்டை இழுத்துச் செருகினாள், லொறிக்கடியில் நுழைந்தாள். பெரிய பிள்ளையாகி வீட்டுக்குள் இருத்தும்வரை அவள் வளர்ந்ததே அந்தக் கராஜில்தான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் சரியாக இறுக்காத ஒரு நட்டை விரலால் ஆட்டிக் காட்டினாள்.

"கை இங்க இரிக்கி, கண் வாசல்ல இரிக்கி. போறதெண்டா போங்க, இல்லாட்டி இதப் பாருங்க."

பார்த்தேன். அதன்பின் நான் முடித்த ஒவ்வொரு வண்டியையும், வெளியே போகுமுன், அவள் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். தவறினால் திரும்பக் கழற்ற வைத்தாள். ஊர் நினைப்பு போகவில்லை. ஆனால் கப்பலும் ஏறவில்லை.

மூன்று மாதம் மச்சான் என்னை எதையும் தனியாகப் பூட்ட விடவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். ஒருநாள் அவசரமாக ஒரு காரைத் திகனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மச்சான் இல்லாத நேரத்தில் அதை நான் தனியாகப் பூட்டியிருந்தேன்.

"யாரு பார்த்த?"

"உங்கட தங்கச்சி."

வீட்டுக் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அப்ப சரி" என்று முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்றி வண்டியைக் கிளப்பினார்.