வேஷத் துரை கொடுத்த வாக்கு

அந்தப் பெரிய நடிகர் என் அக்காவிடம் பொய் சொன்னார். மேடையிலோ படத்திலோ அல்ல. றக்வானைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நின்று சொன்னார்.

தோட்டங்களைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்ட புதிது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரைமார் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் முகம் பழகுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். அரைக்காற்சட்டையும் நீளக் காலுறையும் தொப்பியுமாக யார் ஜீப்பிலிருந்து இறங்கினாலும் அவர்தான் துரை என்று ஒதுங்கி நிற்போம். யார் என்று கேட்கிற வழக்கமே எங்களுக்கு இல்லை.

அது மழைக்காலம். லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு வெடிப்பு விட்டிருந்தது. கடைசி அறைதான் அக்காவின் காம்பரா. அதன் சுவரில் கை நுழையும் அளவுக்குப் பிளவு. பிள்ளைகளைப் புளத்கொகுபிட்டியவில் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தானும் புறப்பட மூட்டை கட்டியிருந்தாள். ஒரே ஒரு பயம்தான். காம்பராவை விட்டுப் போனால் தோட்டத்தில் அதை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த நேரம்தான் ஜீப் வந்தது. இருவரும் ஓடிப்போய் நின்றோம். நான் தலைத்துண்டைக்கூட அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"தொரைங்களே, செவுரு விழப்போகுதுங்க. மழை விடுற வரைக்கும் ஊருக்குப் போயிட்டு வாறேன். காம்பராவ யாருக்கும் குடுத்துறாதீங்க" என்றாள் அக்கா.

அவர் பிரம்பால் காலுறையைத் தட்டிக்கொண்டு, பழைய வெள்ளைக்காரத் துரை மாதிரி இழுத்துப் பேசினார். "நீ எங்கேயும் போக வேணாம். நாளைக்கி காலையில நாம ஆள் அனுப்பும். மேல காலி வீடு இருக்கு. அங்க நீ இருக்கலாம்."

ஜீப்பில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் கோலத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அக்கா கும்பிட்டுவிட்டு உள்ளே போய் மூட்டையை அவிழ்த்தாள்.

மறுநாள் விடியும்போது மண்மேடு சரிந்தது. அக்காவைத் தோண்டி எடுத்தோம். உயிர் இருந்தது. நசுங்கிய இடது காலை இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்னைத் திட்டினார். "அட மடையா, அது தொரை இல்லடா! கொழும்பு நாடகக்காரரு. தொரை வேஷம் போட்டு படத்துல நடிக்க வந்தவரு."

பல வருடங்களுக்குப் பிறகு ரேடியோவில் அவருடைய பேட்டி கேட்டேன். நாடகங்களை இயக்கியது, சினிமாவுக்குப் போனது எல்லாம் சொன்னார். பிறகு, தோட்டத்து மக்களே தன்னை நிஜத் துரை என்று நம்பி முறையிட்டார்கள், தன் நடிப்புக்குக் கிடைத்த பெரிய விருது அதுதான் என்றார். பேட்டி எடுத்தவர் சிரித்தார். என்ன முறையீடு என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அக்காவுக்கு அதன் பிறகு மலையேறிக் கொழுந்து பறிக்க முடியவில்லை. டீவியில் அவரைக் கண்டால், "இந்தா, நம்ம தொரை வந்துட்டாரு! ஆள் அனுப்பிட்டாரான்னு கேளுடா" என்பாள். எனக்குச் சிரிப்பு வராது. கத்தவும் இப்போது தெம்பில்லை. தோட்ட நிர்வாகம் அந்தச் சுவரைக் கட்டவில்லை, உண்மைதான். ஆனால் போகாதே என்று அவளைத் தடுத்தது நிர்வாகம் அல்ல.

அன்றிலிருந்து ஜீப்பில் யார் வந்தாலும் 'நீங்க யாரு?' என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். நடிகர் ஐயா, 'நான் துரை இல்லம்மா' என்று ஒரு வார்த்தை சொல்ல அன்று உங்களுக்கு என்ன தடை இருந்தது? இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில், எல்லாரும் படிக்கும்படி, பதில் எழுதுங்கள்.