படத்தின் ஓரங்களைச் சொன்னவர்

சேதுராமனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் முதலில் கேட்பது அவர் மனைவி காந்திமதியின் குரலாகத்தான் இருக்கும். "அண்ணே, நல்லாருக்கீங்களா? இந்தா, பேசணுங்கிறாரு" என்று சொல்லிவிட்டுக் கைபேசியைக் கணவரிடம் கொடுப்பார். சென்ற மாதம் ஒரு காலையில் எடுத்த எடுப்பிலேயே சேதுராமனின் குரல் வந்தது. "போயிட்டா" என்றார். "காப்பி போட்டுக் கொடுத்தா. நெஞ்சு அடைக்குதுன்னு உக்காந்தா. அம்புட்டுதான்" என்றார்.

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் அவர்கள் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் நிழல் இருந்த பக்கமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். காந்திமதிக்காக அழுதவர்கள் எல்லோரும், அழுது முடித்ததும் சேதுராமனைப் பற்றித்தான் பேசினார்கள். "இனி இவரு கேமராவ எங்கிட்டுத் தொடப்போறாரு?" என்று ஆட்டோ நிறுத்தத்துக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர்களை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் பொருள் தெரியும். அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

சேதுராமன் திருக்கோகர்ணத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் என்று இந்த ஊரில் அவர் கேமரா முன் நிற்காத குடும்பம் குறைவு. நான் மாவட்ட நிருபராக இருந்த காலம் முழுவதும் என் செய்திகளுக்குப் படம் கொடுத்தவரும் அவர்தான். காந்திமதி வல்லத்திராக்கோட்டை விவசாயக் குடும்பத்துப் பெண். தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றார். பட்டா மாற்ற அலைந்தவர்களில் பலருக்கு அவர் முகம் நினைவிருக்கும். எந்த மேசைக்குப் போக வேண்டும், யார் விடுப்பில் இருக்கிறார், எப்போது வந்தால் வேலை நடக்கும் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லி அனுப்புவார்.

சேதுராமனின் கண்ணில் கோளாறு இருப்பதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு கல்யாண ஆல்பம். மாலை மாற்றும் படத்தின் ஓரத்தில், விளக்குப் பிடித்தவரின் முழங்கை வந்திருந்தது. அடுத்த படத்தில் யாரோ ஒருவருடைய பாதித் தலை. பெண் வீட்டார் எதுவும் சொல்லவில்லை. அவர்தான் ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு மதுரைக்குக் கண் மருத்துவரைப் பார்க்கப் போனார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது, சொட்டு மருந்தால் மிச்சத்தை எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். நேராக இருப்பது தெளிவாகத் தெரியும். இரு பக்கமும் இருட்டு. அது மெல்ல நடுவை நோக்கி வரும்.

சேதுராமன் மோட்டார் சைக்கிளை விற்றார். வண்டி ஓட்டிக்கொண்டு நாடு முழுக்கப் போய்ப் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசையைப் பல வருடங்களாகத் தள்ளிப் போட்டு வந்தவர் அவர். மகன் படிப்பு முடியட்டும், மனைவி ஓய்வு பெறட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "அது இனிமே இல்ல. கேமராவையும் யாருக்காவது கொடுத்துரலாம்னு இருக்கேன்" என்று என்னிடம் சொன்னபோது காந்திமதி பக்கத்தில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அடுத்த வாரம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார்.

அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். அதுவரை ஸ்கூட்டியைத் தவிர வேறெதையும் தொடாதவர். வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள். "மாஸ்டர் என்னைய மட்டும் அம்மாங்கிறாரு. மத்தவங்களத் திட்டுற மாதிரி என்னையும் திட்டுங்க, அப்பத்தான் வரும்னு சொல்லிட்டேன்" என்றார். உரிமம் வாங்கியதும் நாடு சுற்றிவரப் பழைய வேன் ஒன்றை வாங்கினார்கள். துபாயில் இருந்த மகன் தொலைபேசியிலேயே சண்டை போட்டான். விமானத்தில் போகச் சொன்னான். "ஃப்ளைட்ல போனா உங்கப்பா மேகத்தத்தான் எடுப்பாரு. அது இங்க மொட்டமாடிக்குப் போனாலே இருக்கு" என்று காந்திமதி பதில் சொன்னார்.

முதல் ஒத்திகைக்குக் கட்டுமாவடிக்குப் போனார்கள். என்னையும் அழைத்துப் போனார்கள். மீன் ஏலம் நடக்கும் இடத்தருகே வண்டி நின்று நின்று அணைந்தது. பின்னால் ஐஸ் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கூடையோடு நின்ற ஒரு பெண்மணி ஜன்னலருகே வந்து, "என்னக்கா, வண்டிய நிறுத்தப் போறீகளா, கடல்ல எறக்கப் போறீகளா?" என்று கேட்டார். "மொதல்ல நிறுத்திக்கிறேன் ஆத்தா. மத்ததப் பெறகு யோசிப்போம்" என்றார் காந்திமதி, ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று கரையில் சேதுராமன் படகுகளை எடுத்தார். கேமராவின் சின்னத் திரையில் பார்த்தபோது ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் பாதியாக நின்றது. எடுக்கும்போது அது அவர் கண்ணில் படவேயில்லை. கேமராவைப் பையில் வைக்கப் போனார். காந்திமதி அவர் தோளோடு தோள் நின்று, "எடுங்க. ஓரத்த நான் பாத்துச் சொல்றேன்" என்றார். பிறகு நடந்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"இங்கிட்டு?"

"டிரம்மு. ரெண்டடி தள்ளி நில்லுங்க. இப்ப இல்ல."

"அங்கிட்டு?"

"ஒரு நாய் படுத்திருக்கு. எந்திரிக்கிற மாதிரி தெரியல."

"வாலு உள்ள வருதா?"

"வாலு வெளியதான்."

அவர் அழுத்தினார். அதன் பிறகு அவர்கள் வேலை செய்த முறை அதுதான். நடுவை அவர் பார்ப்பார், ஓரங்களை இவர் சொல்வார்.

மழைக்காலம் முடிந்ததும் கிளம்பினார்கள். கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத், ராஜஸ்தான், அங்கிருந்து இமாசல மலைகள், திரும்பும்போது ஒடிசாக் கரை வழியாக. வெளிச்சம் இருக்கும்வரைதான் வண்டி ஓடும் என்பது காந்திமதியின் விதி. இருட்டுவதற்குள் ஏதாவது ஓர் ஊரில் அறை எடுத்துவிடுவார்கள். படங்கள் எனக்கு வரும், கூடவே காந்திமதியின் விளக்கமும் வரும். எந்த ஊர், எந்தத் திசையில் வெயில், யார் யார் நின்றார்கள், அவர்கள் பெயர் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் திருப்பிக் கேட்க வேண்டிய தேவை வந்ததில்லை.

கட்ச் பகுதி உப்பளத்தில்தான் அவர்களுக்குள் அந்தச் சண்டை வந்தது. வெள்ளைத் தரை, வெள்ளை வானம், நடுவில் ஓர் உப்புக் குவியல். வேறு எதுவும் இல்லாத படம் வேண்டும் என்று சேதுராமன் நின்றார். வலது ஓரத்தில் ஒரு பெண் தலையில் சிவப்புக் குடத்தோடு நடந்து வந்தாள். "அங்கிட்டு?" என்று அவர் கேட்டார். காந்திமதி பார்த்துக்கொண்டே பேசாமல் நின்றார். பேசாவிட்டால் ஒன்றுமில்லை என்று அவர் எடுத்துக்கொண்டு அழுத்தினார்.

மாலை அறையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் குடம் தெரிந்தது. அவர்கள் பேசிக்கொண்டதை இருவருமே பின்னால் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"ஆள் வந்தத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பெறகு ஏன் சொல்லல?"

"சொன்னா போகட்டும்னு காத்திருப்பீங்க. அது வந்ததுதான் நல்லாருந்துச்சு."

"நான் ஒன்னைய நம்பித்தானே அழுத்துறேன். நீயும் சொல்லலேன்னா எனக்கு அங்கிட்டு என்ன இருக்கு?"

மறுநாள் அவர் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. காந்திமதி ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து என்னை அழைத்தார். "ஒங்க சிநேகிதரு மௌன விரதத்துல இருக்காரு. ராஜஸ்தான் பூராவையும் நான் மட்டும்தான் பாத்துக்கிட்டு வாரேன். கொஞ்சம் பேசுங்கண்ணே."

சேதுராமன் கைபேசியை வாங்கிக்கொண்டு, "அந்தப் படம் நல்லாருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

நன்றாக இருக்கிறது என்றேன்.

"அதான் எனக்குச் சங்கடம்" என்றார். "வந்ததுலயே அதுதான் நல்ல படம். அத நான் பாக்கல."

அவர் கோபத்தில் இருந்தது பயம் என்பதைக் காந்திமதி என்னைவிட முன்பே புரிந்துகொண்டிருந்தார். அன்று மாலை மன்னிப்புக் கேட்டாராம். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். "இனிமே என்ன இருந்தாலும் சொல்லிருவேன். பேசாம நிக்க மாட்டேன். ஆனா அது நல்லாருக்கா, இல்லையான்னும் சொல்லுவேன். அதையும் நீங்க கேக்கணும்." சேதுராமன் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து "இங்கிட்டு, அங்கிட்டு" என்பதோடு மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. "நல்லாருக்கா?"

அதற்குப் பிறகு வந்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் யாருக்கும் வேறுபாடு தெரியும். ஓரங்களில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு கை, பாதிச் சக்கரம், கழுத்தை மட்டும் நீட்டிய ஒட்டகம். முன்பு விலக்கியிருப்பார். இப்போது அவை வேண்டுமென்றே நின்றன. சேதுராமனின் படங்களில் எப்போதும் ஒழுங்கு இருந்தது. காற்றோட்டம் வந்தது அந்தப் பயணத்தில்தான்.

இமாசல மலைப்பாதையில் ஒரு வளைவில் எதிரே சரக்கு லாரி வந்து நின்றது. இரண்டில் ஒன்று பின்னால் போக வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். லாரியின் உதவியாளர் இறங்கி வந்து, வண்டியைத் தான் எடுத்துத் தருவதாகச் சைகை காட்டினார். காந்திமதி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தானே பின்னோக்கி ஓட்டிக் கொண்டுபோய் அகலமான இடத்தில் நிறுத்தினார். "நான் கண்ண மூடிக்கிட்டேன். நல்ல கண்ணு இருந்தாலும் மூடித்தான் இருப்பேன்" என்று சேதுராமன் இதைச் சொல்லிச் சிரிப்பார். காந்திமதி, "புதுக்கோட்டையில லைசென்ஸுக்கு இதவிடக் கஷ்டமா வச்சாங்க" என்பதோடு முடித்துக்கொள்வார்.

திரும்பி வந்ததும் புதுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். உப்பளப் படத்துக்குக் கீழே சேதுராமன் காந்திமதியின் பெயரை மட்டும் எழுதியிருந்தார். காந்திமதி அதை எடுத்துவிட்டு இருவர் பெயரையும் எழுதி ஒட்டினார். "நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன். அழுத்தினது அவருதானே. அலுவலகத்துல டைப் அடிச்சவ கையெழுத்துப் போட முடியுமா?" என்றார். வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்திருந்த அவர் தம்பி முருகேசன் படங்களை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, இம்புட்டுத் தூரம் போயி தாஜ்மகால எடுக்காம வந்திருக்கீங்க?" என்று குறைப்பட்டார். "அங்க வண்டி நிறுத்த எடம் இல்லடா" என்றார் அக்கா.

ஆனால் நோய் நிற்கவில்லை. சென்ற ஆண்டுக்குள் சேதுராமனின் பார்வை இன்னும் சுருங்கிவிட்டது. காந்திமதி சொல்ல வேண்டியது கூடியது. சலித்துக்கொண்டதை நான் கேட்டதில்லை. பக்கத்து ஊர்களுக்கு அவர் வேனை ஓட்ட, இருவரும் போய்ப் படம் எடுத்து வருவார்கள். இறப்பதற்கு முந்தைய வாரம்கூடப் போயிருக்கிறார்கள். எந்த நேரமும் பார்வை போய்விடும் என்று ஒருவரைப் பற்றியே நாங்கள் எல்லோரும் அஞ்சிக்கொண்டிருந்தோம். பார்த்துச் சொல்பவர் முதலில் போவார் என்று யாரும் நினைக்கவில்லை.

காரியம் முடிந்து சில நாள் கழித்து முருகேசன் தன் அத்தானை வல்லத்திராக்கோட்டைக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். கண்மாயில் நீர் இருந்தது. கரையிலிருந்து வயல்கள் தெரிந்தன. சேதுராமன் பையோடு வந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தார். நீண்ட நேரம் அழுத்தாமலே நின்றார்.

"இங்கிட்டு?" என்றார் சேதுராமன். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒரு பனை. அதுக்குக் கீழ ரெண்டு மாடு. ஒண்ணு செவலை. மாட்டுக்குப் பின்னால வேலி. வேலியில ஒரு துண்டு காயுது..."

"போதும், போதும். செய்தி அனுப்பாதீங்க" என்றார். அவர் குரலில் பழைய கேலி கொஞ்சம் இருந்தது. "அங்கிட்டு?"

"வரப்பில ஒரு சைக்கிள் சாஞ்சு நிக்குது. ஆள் இல்ல."

"நல்லாருக்கா?"

என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதுதான் என் தொழில். அது நன்றாக இருக்கிறதா என்பதைப் படிப்பவர்களுக்கு விட்டுவிடுவதே நேர்மை என்று பழகியவன். காந்திமதி அப்படி விட்டுவிடவில்லை. இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பிறகு தான் என்ன நினைக்கிறார் என்பதையும் சொல்லி, அது தவறானால் அந்தப் பழியையும் ஏற்கத் தயாராக நின்றார். ஒருவருக்காகப் பார்ப்பது என்றால் அதுவரைக்கும் போக வேண்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்.

இன்னொரு முறை வரப்பைப் பார்த்தேன்.

"சைக்கிள் இருக்கட்டும்" என்றேன்.

அவர் அழுத்தினார்.