சித்தி தேடிய நாறாத வண்டி

உலகத்தில் இதுவரை எழும்பிய பாலங்கள், அணைகள், அடுக்குமாடிகள் அத்தனையையும் தாங்கி நிற்பது சிமெண்டும் கம்பியும் அல்ல, சித்திதான். இதை அவள் அக்கா மகன் கொசு எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வான்.

"இன்ஜினியர் எவ்வளவு படிச்சிருந்தா என்ன? வயித்தைக் கலக்கும்போது கோடு நேரா வருமா? எங்க சித்தி ஒரு நாள் லீவு போட்டா ஊர்ல ஒரு சுவரும் நேரா நிக்காது. ராஜாவே வந்தாலும் எங்க சித்தி கதவைத் தட்டிட்டு, உள்ள ஆள் இருந்தா வெளியதான் நிக்கணும்."

கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஓரடி தள்ளி நிற்பார்கள். அந்த ஓரடியைப் பார்த்தாலே கொசுவுக்குக் குமட்டும்.

சித்தியின் தொழில், சக்கரம் வைத்த கழிப்பறை. வெள்ளை நிறத்தில் இரண்டு டிரெய்லர்கள். ஒன்றுக்குப் பெரியவன் என்றும் மற்றதற்குச் சின்னவன் என்றும் பெயர். கட்டடம் கட்டும் இடம், கூட்டம் கூடும் மைதானம் என்று எங்கே கூப்பிட்டாலும் இழுத்துப் போய் நிறுத்துவாள். நிரம்பியதும் இழுத்து வந்து, கொட்ட வேண்டிய இடத்தில் கொட்டி, கழுவி, திரும்பக் கொண்டுபோய் விடுவாள். இரண்டையும் ஏதோ ஏலத்தில் ஆசைப்பட்டு வாங்கியவர் சித்தப்பா. முதல் தடவை தொட்டியைக் காலி செய்த அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர், அப்படியே வீட்டை விட்டும் எழுந்து போய்விட்டார்.

"அவரு போனதுலேருந்து வீடு மணக்குது" என்பாள் சித்தி.

அதற்கு முன்னால் அவள் ஒரு பெரிய கடையில் சோப்பும் சென்ட்டும் விற்கும் பக்கத்தில் நின்றவள். அந்தப் பழக்கம் விடவில்லை. வேலை முடிந்து வந்தால் பின்பக்கக் குழாயடிக்கு நேராகப் போய்விடுவாள். முழங்கைவரை நுரை, நகக்கண்ணில் பிரஷ், எலுமிச்சை வாசனை சோப்பு. குளித்து முடிக்கும்வரை அவளோடு யாரும் பேசக் கூடாது. நாற்றத்திலேயே கிடப்பவளுக்கு மூக்கு செத்துப் போயிருக்கும் என்று ஊர் நினைத்தது. கூடவே இருந்த கொசுவும் அப்படித்தான் நினைத்தான். பயல் சறுக்கியது அங்கேதான்.

கொசுவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் அவனும் ஒருவரை ஒருவர் கைகழுவிக்கொண்டார்கள். சர்க்கரை டப்பாவில் உப்பு, தூங்குகிறவன் செருப்பில் பசை, இவைதான் அவன் கற்ற கல்வி. காதருகே வந்து ரீங்காரம் செய்து, அடிக்கப் போனால் இருக்கமாட்டான் என்பதால் அந்தப் பெயர்.

டிரெய்லர் இழுத்துக்கொண்டிருந்த பழைய ஜீப், நிரம்பிய தொட்டியோடு ஒரு மேட்டில் ஏறும்போது கியர்பாக்ஸைக் கக்கிவிட்டு உட்கார்ந்தது. பின்னால் பெரியவனும் சாய்ந்து, உள்ளே இருந்ததில் பாதியைச் சாலைக்குப் படைத்தான். அதை இங்கே விவரித்தால் யாரும் ஒரு வாரத்துக்குச் சாப்பிட மாட்டார்கள். அன்றிலிருந்து இழுவைக்கு ஒரு டிராக்டர்காரன் வந்தான்.

முதல் நாள் சித்தி அவன் பக்கத்து சீட்டில் ஏறக் காலை வைத்தாள்.

"ஏம்மா, ஏம்மா, அங்க ஏறாத. துணி சீட்டு. நாத்தம் ஏறினா போகவே போகாது. பின்னாடி உக்காந்துக்க."

சொன்னவன் யார்? வண்டிச் சாவியைக் காதில் விட்டுக் குடைந்து, வெளியே எடுத்து, மோந்து பார்த்து, மறுபடி வண்டியில் போடுகிறவன்! சித்தி பின்னால் போனாள். டிரெய்லரின் முன் கம்பியில் ஏறி உட்கார்ந்தாள். முதுகை நேராக வைத்துக்கொண்டு, ஏதோ ஊர்வலத்தில் போகிறவள்போல ஊர் நடுவே போனாள். பார்த்தவர்களில் பாதிப்பேர் மூக்கைப் பிடித்தார்கள், மீதிப்பேர் சிரித்தார்கள். சைக்கிளில் பின்னால் வந்த கொசு ஒவ்வொரு சிரிப்பையும் எண்ணிக்கொண்டே வந்தான். மறுநாள் சமையலறையில் ஒரு முட்டை காணாமல் போனது. ஷெட்டில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு பழைய சோப்பு டப்பாவுக்குள், டிராக்டர்காரனின் சீட்டுக்காக அது நிதானமாகப் பழுக்கத் தொடங்கியது.

இதற்கிடையில் பாலம் கட்டும் இடத்து சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். சித்திக்கு இருந்ததிலேயே பெரிய வேலை அதுதான்.

"திங்கக்கிழமைக்குள்ள சொந்த வண்டி வாங்கிட்டா சொல்லுங்க. இல்லேன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவோம். உங்க டிராக்டர்காரன் எப்ப வருவான்னு எங்க ஆளுங்க அடக்கிக்கிட்டு நிக்க முடியாதும்மா."

ஆக, இழுவைக்குத் தோதான பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்று, ஒரே வாரத்தில் வேண்டும். சித்தியும் கொசுவும் கிளம்பினார்கள்.

பழைய வண்டி விற்கிறவர்களின் உலகம் இருக்கிறதே, அதற்குப் பெரியவனின் தொட்டி எவ்வளவோ சுத்தம். முதல் யார்டில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் பல் முப்பத்திரண்டையும் காட்டிக்கொண்டு வந்தான்.

"வாங்க மேடம்! ஒரே ஓனர். டாக்டர் வச்சிருந்த வண்டி. கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர எங்கேயும் போனதில்ல."

"டாக்டருக்கு எதுக்கு மூட்டை தூக்குற வண்டி?" என்றாள் சித்தி. "நோயாளிங்களை அள்ளிப் போட்டுட்டு வருவாரா?"

பானட் மேல் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது.

"ஏன் சார், டாக்டர் வண்டிக்கே காய்ச்சலா?"

காலையில் முக்கி முனகித்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டி. ஆள் வருவதற்கு முன்னாலேயே ஓடவிட்டுச் சூடேற்றி வைத்திருக்கிறான். கதவைத் திறந்தால் உள்ளே கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டைகளே ஒரு கொத்து. அதையும் மீறி ஒரு புளித்த வாடை. சாம்பல் கிண்ணத்தில் யாரோ வெட்டிப் போட்ட கால் நகங்கள். ஸ்டீயரிங் அடியில் காய்ந்துபோன சூயிங்கம், அதில் ஒரு முடி. சித்தி கதவை விரல் நுனியால் சாத்திவிட்டு, அந்த விரலைப் புடவையில் துடைத்தாள். பிறகு புடவையையும் ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்த வண்டிக்கு அடியில் கருப்புப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. சித்தி குனிந்து கொண்டை ஊசியால் ஒரு குத்து குத்தினாள். உள்ளே எல்லாம் துரு, ஊசி பிஸ்கட்டில் இறங்குவதுபோல இறங்கியது. விற்கிறவன் கொஞ்சமும் கூசவில்லை. "காத்தோட்டத்துக்கு நல்லதுதானே சிஸ்டர்?" என்றான். தூ!

கடைசியில் மரக்கடைக்காரர் கிடைத்தார். ஒடிசலான மனிதர், கேட்டால்தான் பேசுவார். சாம்பல் நிற வண்டி. லாரி போகாத சந்துகளுக்கெல்லாம் சின்ன டிரெய்லரில் பலகை இழுத்த வண்டி. பின்னால் இழுவைக் கொக்கி சட்டத்தோடு சேர்த்து உறுதியாக இருந்தது. பானட் குளிர்ந்து கிடந்தது. சாவியைத் திருப்பியதும் ஒரு செருமல், கொஞ்சம் புகை, பிறகு சீராக ஓடியது. உள்ளே மரத்தூள் வாசனை மட்டும்தான். சித்தி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். இறங்கவே மனமில்லை அவளுக்கு.

"எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் சனிக்கிழமைதான் வருவார்ணே. அவர் பாத்துட்டா வாங்கிக்கிறேன்."

"படகு வச்சிருக்கிறவர் ஒருத்தர் நாளைக்கு வரேன்னிருக்காரும்மா. அவருக்குப் பிடிச்சிருந்தா குடுத்துருவேன். பொய் சொல்லி உங்களை நம்ப வைக்க எனக்கு இஷ்டமில்ல."

வாரமெல்லாம் பார்த்த முகங்களுக்கு நடுவில் உண்மை பேசும் ஒரே ஆள், அந்த உண்மையாலேயே சித்தியின் வயிற்றில் அடித்தார். அவள் பின்னால் போய்க் கொக்கியை இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். கொசு முன்னால் நின்றான். அன்றைக்கு டிராக்டர்காரனுக்குப் படையல் வைக்கிற நாள். பைக்குள் சோப்பு டப்பா இருந்தது. காலையிலிருந்து வாய்ப்புக் கிடைக்கவில்லை.

படகுக்காரருக்குப் பிடிக்காமல் போனால்?

யோசித்துச் செய்கிற பழக்கம் இருந்தால் அவன் ஏன் கொசு? சீட்டுக்குப் பின்னால் ஜாக்கி வைக்கும் குழிக்குள் டப்பாவைத் திறந்து வைத்து, முட்டை ஓட்டில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, கதவைச் சாத்திவிட்டு, மூச்சே விடாமல் வந்து நின்றான்.

மறுநாள் தெருமுனையிலிருந்து வேடிக்கை பார்த்தான். படகுக்காரர் மீன் நாற்றத்திலேயே பல் துலக்கும் ஆள். கதவைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூடினார். "உள்ள என்னய்யா செத்துக் கிடக்கு?" என்று ஓங்கரித்துக்கொண்டே ஓடினார். கொசு சந்துக்குள் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தான்.

சனிக்கிழமை மெக்கானிக்கோடு போனார்கள். வண்டியின் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. சீட்டில் சோப்புத்தூள், தரையில் காப்பித்தூள், எங்கும் ஈரம். மரக்கடைக்காரர் வாளியோடு நின்றிருந்தார். மெக்கானிக் இன்ஜினைப் பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், வெளியே வந்து, "வண்டி கல்லு மாதிரி இருக்கு" என்றார். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டுதான் சொன்னார்.

சித்தி கதவருகே போய் நின்றாள். முகம் சுருங்கியது. ஒரு காலை மேலே வைத்தவள் கீழே எடுத்துவிட்டாள்.

"வேண்டாம்."

கொசுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சித்தி? உங்களுக்கு இதெல்லாம் ஒரு நாத்தமா? நாள் முழுக்க நீங்க..."

"அதனாலதான்டா வேண்டாங்கிறேன்." சித்தி குரலை உயர்த்தவில்லை. "நாள் முழுக்க அதுல கிடந்துட்டு வந்து ஏறி உக்காரப்போற இடம்டா இது. உக்காந்து ரெண்டு மூச்சு நிம்மதியா இழுக்கணும். அந்த ஒரு சீட்டாவது நாறாம இருக்கணும்னுதானே இத்தனை வண்டி ஏறி இறங்கினேன்?"

கொசு இதுவரை எத்தனையோ அசிங்கங்களைப் பார்த்தவன். தன்னையே அந்த வரிசையில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை கண்முன்னால் நின்றது. டிரெய்லர் கம்பியும் அதில் நேராக நிமிர்ந்த முதுகும் நின்றன. இல்லை, பாலத்து வேலையே போய்விட்டால் அந்தக் கம்பிகூட இருக்காது.

மரக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "என் வண்டி இப்படி இருந்ததே இல்லம்மா. எத்தனை தடவை கழுவிட்டேன். கடைக்கு வர்றவங்க என்னையே ஒரு மாதிரி பாக்குறாங்க." சொல்லிக்கொண்டே, அவராகவே ஓரடி தள்ளி நின்றார்.

சித்தி அந்த ஓரடியைப் பார்த்தாள். அவள் அறியாத ஓரடியா அது? கிளம்பிய சித்தி நின்றாள். திரும்பி வந்து, மறுபடி கதவருகே குனிந்து, இந்தத் தடவை முகத்தைச் சுளிக்காமல் நீளமாக மோந்தாள்.

"எலி இப்படி நாறாது. பூனையும் இப்படி நாறாது. இது முட்டை."

"சித்தி, நான் பாக்குறேன், நீங்க தள்ளுங்க..."

"நீ நில்லு."

கையை ஜாக்கிக் குழிக்குள் விட்டாள். இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பச்சையும் கருப்புமாக என்னவோ சொட்டியது. மெக்கானிக் சாக்கடைப் பக்கம் ஓடினார்.

"என் சோப்பு டப்பா" என்றாள் சித்தி.

கொசுவுக்கு அன்றைக்கு மட்டும் ரீங்காரம் வரவில்லை. "படகுக்காரர் வாங்கிடக் கூடாதுன்னு..." என்று காற்றில் பாதி, வாயில் பாதியாகச் சொன்னான்.

"அண்ணே, வண்டி உங்களுது, நாத்தம் எங்க வீட்டுது" என்றாள் சித்தி மரக்கடைக்காரரிடம். "மன்னிச்சுக்குங்க. நீங்க முதல்ல சொன்ன விலைக்கே எடுத்துக்கிறேன். குறைச்சுத் தரேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, நான் கேக்க மாட்டேன்."

மரக்கடைக்காரர் முதலில் டப்பாவைப் பார்த்தார், பிறகு கொசுவைப் பார்த்தார். வாரம் முழுவதும் சிரிக்காத மனிதர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "முட்டையா? நான் போன ஜென்மத்துப் பாவம்னு நினைச்சேன்!"

ஜாக்கிக் குழியைக் கொசு வெறுங்கையால் கழுவினான். கம்பளத்தைப் பிய்த்துப் போட்டான். வாந்தி வந்தபோதெல்லாம் ஓடிப்போய் எடுத்துவிட்டு வந்து மறுபடி கழுவினான். உதவிக்குப் போன மரக்கடைக்காரரைச் சித்தி விடவில்லை. "விடுங்கண்ணே, கலைஞன் அவனோட படைப்பைப் பாக்கட்டும்."

சாயங்காலம் வண்டி கிளம்பியது. நாற்றம் முக்கால்வாசி போயிருந்தது. கொசு மேல் ஒட்டியது மட்டும் அப்படியே இருந்தது. அவன் தானாகவே பின்பக்கம் ஏறப் போனான்.

"எங்க போற?"

"என்மேல நாறுது சித்தி. சீட்டு நாறிடும்."

"முன்னாடி ஏறு."

ஏறினான். கண்ணாடிகளை இறக்கிவிட்டுச் சித்தி ஓட்டினாள். மேட்டில் வண்டி முனகாமல் ஏறியது. மேட்டைத் தாண்டியதும் அவள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இந்த வண்டியை நாம பாத்தது இந்த வாரம்தானே?"

"ஆமா சித்தி."

"அந்த முட்டை ஒரு வாரத்து நாத்தம் இல்லையே. ஷெட்ல பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாடி ரொம்ப நாளா இருந்துச்சே?"

கொசு திடுக்கிட்டுத் திரும்பினான். "உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு மூக்கு செத்துப்போச்சுன்னு நினைச்சியாக்கும். அப்ப யாருக்குடா வச்சது?"

"யாருக்கும் இல்ல. சும்மா, விளையாட்டுக்கு."

"டிராக்டர்காரன் என்னை சீட்ல ஏறாதன்னு சொன்ன மறுநாள்தானே ஒரு முட்டை காணாமப் போச்சு?"

பொய்க்குப் பஞ்சமே இல்லாத கொசு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கலாம்னு நானும் எத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தேன்" என்றாள் சித்தி. "பாழாக்கிட்டியேடா."