கட்டிலில் ஓடிய பஸ்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக வீரசோழன் போகும் தனியார் பஸ்ஸில் ஆயுசுக்கும் நின்றே கண்டக்டர் வேலை பார்த்தவர் அருஞ்சுனை. சீட்டு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். உட்கார்ந்தால் எவனாவது டிக்கெட் வாங்காமல் இறங்கிவிடுவான் என்று பயம். எழுபது வயதில் முதுகு மடங்கிவிட்டது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் முழு மயக்கம் கொடுத்து, முதுகெலும்பில் ஸ்க்ரூ வைத்தார்கள்.

மறுநாள் நன்றாகத்தான் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் கட்டிலில் பஸ் புறப்பட்டுவிட்டது.

"படியில நிக்காதீக, உள்ள போங்க. திருச்சுழி எறங்குறவுக முன்னால வாங்க."

நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலோடு வந்தார்.

"லக்கேஜுக்குத் தனி டிக்கெட்டு, தாயி."

வார்டே சிரித்தது. மனைவி முருகலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதர் டிக்கெட் போட எழுந்திருக்கப் பார்த்தார். யாரும் பிடிக்காமல் எழுந்தால் ஸ்க்ரூ பிடுங்கிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "வயசு, பெரிய ஆபரேஷன், வலி, தூக்கமில்லாதது எல்லாம் சேந்தா சிலருக்கு இப்படிக் குழம்பும். இவர் காது மிஷினும் கண்ணாடியும் எங்கம்மா?"

"காணாமப் போயிரும்னு என் பையில வச்சுப் பூட்டிருக்கேன்."

"எடுத்து மாட்டுங்க. இன்னொன்னு, தினமும் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினாலும் இப்படி வரும். அதுக்கு மருந்தே வேற. முன்னாடி கேட்டப்ப குடிக்க மாட்டார்னு சொன்னீங்க."

முருகலட்சுமி பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள். காரியாபட்டி தவசி, சம்பந்தியாகப் போகிறவர். குடிக்கிற வீட்டுக்குப் பெண் தரமாட்டேன் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அன்றைக்கு டாக்டரம்மா கேட்டபோதும் இதே இடத்தில்தான் நின்றிருந்தார்.

அருஞ்சுனை ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே போட்டார். முருகலட்சுமி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"குடிப்பாக டாக்டரம்மா. தெனமும்தான். கல்யாணம் நின்னா நிக்கட்டும். இவுக எந்திரிச்சு நடந்தாப் போதும்."

டாக்டரம்மா மருந்து எழுதிவிட்டு நகர்ந்தார். தவசி அவர் பின்னாலேயே போய்க் குரலைத் தணித்தார்.

"எனக்கும் முதுகுல இதே ஆபரேஷன் பண்ணணும்ங்காக. தெனமும் கொஞ்சமாத்தான்னாலும் இப்பமே சொல்லிறணுமா?"

முருகலட்சுமிக்கு அது நன்றாகவே கேட்டது.

இரண்டு நாளில் பஸ் நின்றது. தெளிவு வந்துவிட்டதா என்று பார்க்க டாக்டரம்மா கேட்டார்: "இது எந்த ஊரு? என்ன மாசம்?"

"மதுர. சித்திரை. வைகாசியில மகனுக்குக் கல்யாணம்." அருஞ்சுனை கண்ணாடி வழியாகத் தவசியைப் பார்த்தார். "என்ன சம்பந்தி, நடக்கும்ல?"

தவசி முருகலட்சுமியைப் பார்த்தார்.

"நடக்கும்," என்றாள் அவள். "சம்பந்தி ஆபரேஷன அதுக்குப் பெறகு வச்சுக்கிருவாக."