எட்டுக்கு மேல் பாடாத ஜப்பான் பெட்டி

கல்யாண மேடையில் கீபோர்டு வாசிப்பவனைப் பாட்டு ஒழுங்காகப் போகிறவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாட்டு நின்றால் சமையல்காரர் உட்பட எல்லோரும் பார்ப்பார்கள். நீங்களும் மேடையில் வயர்களுக்கு நடுவே உட்கார்ந்து காலம் தள்ளியவர் என்றால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் பிற்பாதியில் நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். சனி ஞாயிறுகளில் மாணிக்கம் அண்ணனின் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. அண்ணன் பாடுவார், ஆரோக்கியம் புல்லாங்குழல், தபேலாவுக்கும் டிரம்ஸுக்கும் ஆளுக்கொருவர். அப்போது நான் வாங்கிய ஒரு ஜப்பான் சவுண்ட் மாடியூல் எனக்குக் கொடுத்த சுகமும் துக்கமும்தான் இது.

கட்டை இல்லாத வாத்தியம்

பெட்டி என்றால் வெறும் பெட்டிதான். தட்டையாக, கறுப்பாக, இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டு, அதில் ஸ்க்ரூ போட ஓட்டைகள். ஸ்டூடியோக்காரர்கள் இரும்புச் சட்டத்தில் அடுக்கி முடுக்கி வைப்பதற்காகச் செய்தது. வாசிக்கிற கட்டைகள் அதில் கிடையாது. வேறொரு கீபோர்டை ஒயரில் இணைத்து அங்கே அமுக்கினால் சத்தம் இங்கே பிறக்கும். அந்த மாதிரி லேசான கீபோர்டு ஒன்றை முன்பே வாங்கி வைத்திருந்தேன்.

சிம் லிம் பக்கத்துக் கடையிலிருந்து பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி தோ பாயோ வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். என் மனைவி லலிதா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். வீடியோ வந்துவிட்டது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டில் ஒரு டேப் இரவல் சொல்லிவைத்திருக்கிறாள். இது வாத்தியம் என்று நான் அரைமணி நேரம் எடுத்துச் சொன்னேன். கீபோர்டை மாட்டிக் கோயில் மணி, வீணை, பியானோ என்று ஒவ்வொன்றாக வாசித்தும் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"சரி, வாத்தியமாவே இருக்கட்டும். டேப் எந்தப் பக்கம் போடணும்?"

குட்டி

பெட்டியின் முதல் நன்மை எடை. அதற்கு முன்னால் என்னிடம் இருந்தது ஒரு மர ஆர்கன். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது; நிற்கிற மாடியிலிருந்து எங்கள் வீட்டுக்குப் படியில் இறங்க வேண்டும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஆர்கனின் ஒரு முனையை நானும் மறுமுனையை ஆரோக்கியமும் பிடித்து, பிரேதம் தூக்குகிறவர்கள் மாதிரி படியேறுவோம். எதிரே வருகிறவர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவார்கள்.

இப்போது பெட்டியை ஒரு தலையணை உறையில் போட்டு ஒரு கக்கத்தில், கீபோர்டு மறு கக்கத்தில். முதல் நாள் அப்படிப் படியேறியபோது, மேல்வீட்டு மலாய் அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், வாசலில் உட்கார்ந்து கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பழைய பெரிய பெட்டி எங்கே என்று கேட்டார். உறையைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்:

"அட, குட்டி போட்டுடுச்சா?"

கயிறு கையில்

இந்தப் பெட்டியை மிஞ்ச முடியாத சத்தம் ஒன்று உண்டென்றால் அது மணி. வயலினெல்லாம் சுமார்தான், தகரத்தைத் தேய்த்த மாதிரி இருக்கும். மணி மட்டும் அப்படியே வெண்கலம்.

ஒரு கத்தோலிக்கக் கல்யாண வரவேற்பு. தேவாலயத்தை ஒட்டிய மண்டபம், மாலை நேரம், விருந்தாளிகள் வரத் தொடங்கவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் நுழையும்போது மணிச் சத்தம் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்தார்கள். ஸ்பீக்கரைச் சரிபார்க்க நான் மணியை எடுத்து நிதானமாக நாலைந்து தடவை அடித்தேன். ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சற்று நேரத்தில் கோயில் பிள்ளை, அதாவது அங்கே மணியடித்து விளக்கேற்றுகிறவர், வேகமாக உள்ளே வந்தார். வேட்டியை ஒரு கையால் பிடித்திருந்தார். ஆறு மணிக்கு அடிக்க வேண்டிய மணியை அடிக்கத்தான் அவர் கோபுரத்தடியில் தயாராக நின்றிருக்கிறார். மண்டபம் முழுக்கச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் மேடைப்பக்கம் வந்து, என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்து, குரல் இறங்கிக் கேட்டார்:

"தம்பி, கயிறு என் கையிலதான் இருந்துச்சு. மணி எப்படி அடிச்சுது?"

பத்து விரல்

பெட்டியின் பெரிய குறை இது. ஒரே நேரத்தில் எட்டு ஸ்வரம்தான் பாடும். ஒன்பதாவதைத் தொட்டால், முதலில் பிடித்து வைத்திருப்பதில் ஒன்றைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். கடைக்காரர் இதைச் சொன்னபோது, மனிதனுக்கு எட்டே போதாதா என்று நினைத்துவிட்டேன்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மண்டபத்தில் கச்சேரி. மாணிக்கம் அண்ணன் கண்ணை மூடி ஒரு சோகப்பாட்டு எடுத்தார். அவர் சுருதிக்காக நான் இடது கையில் கீழ் ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதன்மேல் சாய்ந்துகொண்டு பாடுவார். முன்வரிசையில் யாரோ தலையாட்டவே எனக்கு உற்சாகம் வந்து, தொட்ட ஸ்வரமெல்லாம் நிற்கும்படி காலால் பெடலை அழுத்தி, வலது கையில் மேலிருந்து கீழ்வரை ஒரு ஓட்டம் ஓடினேன். பெட்டி எட்டை எண்ணிப் பார்த்தது. ஸட்ஜத்தை விழுங்கியது. சாய்ந்திருந்த சுவர் போனால் மனிதன் என்ன ஆவானோ அதுதான் அண்ணனுக்கு ஆனது. அவர் ஒரு பக்கமாகச் சரிந்து, அரை ஸ்வரம் கீழே போய் விழுந்து, அங்கேயே பாட்டை முடித்தார். கூட்டம் அதை உருக்கம் என்று நினைத்துக் கை தட்டியது.

இடைவேளையில் எட்டின் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே முழுவதும் கேட்டார். அப்புறம் கோபமே இல்லாமல் சொன்னார்:

"உனக்கு விரல் பத்து, அதுக்குக் கணக்கு எட்டு. மிச்சம் ரெண்டையும் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வாசி லா."

ரயில் வந்தது

மேடையில் சத்தம் மாற்றுவது ஒரு தவம். பெட்டிக்கு முகத்தில் இருப்பது தீப்பெட்டி அளவில் ஒரு ஜன்னல், நாலைந்து பட்டன்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு எண். ஒன்று தாண்டினால் வேறு உலகம். ஜப்பான்காரன் கைக்கு வந்ததையெல்லாம் உள்ளே போட்டிருந்தான். வயலினுக்கு அடுத்த எண்ணில் ரயில்.

சமூக மன்றத்தில் ஒரு வரவேற்பு. மண்டப விளக்கை அணைத்துவிட்டு, மணமக்கள் மேல் மட்டும் ஒளி பாய்ச்சினார்கள். இருட்டில் ஜன்னலில் எழுத்து தெரியவில்லை. எண்ணிக்கை மனதில் இருக்கிறது என்ற தைரியத்தில் பட்டனை அமுக்கி, இரண்டு கையாலும் கம்பீரமாக வயலின்களை எழுப்பினேன். மண்டபத்துக்குள் ரயில் புகுந்தது. எட்டு ஸ்வரம் பிடித்திருந்தேன், எட்டு ரயில். மணப்பெண் அரை அடி பின்வாங்கினாள். நிறுத்த நினைத்தால் கை கட்டையைவிட்டு வரவே இல்லை. அண்ணன் மைக்கைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். எப்படியோ நிறுத்தி, பியானோவில் எதையோ வாசித்து அவர்களை மேடையேற்றினேன்.

சாப்பாடு நடக்கும்போது மாப்பிள்ளையின் அப்பா எங்களைத் தேடி வந்தார். வெள்ளைத் தலைமுடி, கோட்டு, முகத்தில் ஒரு மாதிரி இறுக்கம். அண்ணன் எழுந்து நின்றார். எல்லோரும் தயாராகத்தான் இருந்தோம், இனி எந்த வீட்டிலும் கூப்பிட மாட்டார்கள் என்று. அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தஞ்சோங் பகாரிலிருந்து ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவராம். கண் கலங்கியிருந்தது.

"நான் ரயில் ஓட்டுனது உங்களுக்கு யாரு சொன்னா? என் பிள்ளைகூட அதை இன்னிக்கு ஞாபகம் வைக்கல."

மூச்சு

பெட்டிக்குள் ஒரு புல்லாங்குழலும் இருந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து மாணிக்கம் அண்ணனுக்கு ஒரு யோசனை. சின்ன நிகழ்ச்சிகளுக்கு ஆரோக்கியம் வர வேண்டாமே, பெட்டியே ஊதட்டுமே என்றார். ஆரோக்கியம் என்னோடு ஆர்கன் தூக்கிய ஆள். ஆனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவரிடம் விஷயத்தை அண்ணனே சொன்னார். சரி என்று மட்டும் சொன்னாராம்.

கேலாங்கில் ஒரு பிறந்தநாள் விழா. குழல் வரும் இடங்களைப் பெட்டியில் வாசித்தேன். நேர் ஸ்வரங்கள் சுத்தமாக வந்தன. வளைவு வரும் இடத்தில்தான் சங்கடம். கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் சக்கரத்தை இடது கையால் உருட்ட வேண்டும். கொஞ்சம் கூடினால் பூனை, குறைந்தால் கொசு. பாதியில் நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஆரோக்கியம் உட்கார்ந்து, மடியில் தட்டு வைத்துப் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு அவர் சொந்தக்காரர் என்பது எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு சக்கரம் என் பேச்சைக் கேட்கவில்லை.

முடிந்ததும் அவரைப் பார்க்காமல் போய்விடலாமென்று ஒயர் சுற்றினேன். அவரே வந்து மறுமுனையைப் பிடித்துச் சுற்றிக் கொடுத்தார். எப்படி இருந்தது என்று அண்ணன் அசட்டுத்தனமாகக் கேட்டார். ஆரோக்கியம் யோசித்துப் பதில் சொல்கிறவர்.

"நல்லாத்தான் இருந்துச்சுண்ணே. ஆனா பாட்டு முழுக்க ஒரு தடவைகூட மூச்சு விடல. ஆளுக்கு ஏதும் ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

செல்வி கல்யாணம்

அடுத்த வாரமே அண்ணன் ஆரோக்கியத்தைத் திரும்பக் கூப்பிட்டார். சில மாதங்களில் அண்ணனின் ஒரே மகள் செல்விக்குக் கல்யாணம். வரவேற்பில் தன் குழுவோடு தானே பாட வேண்டும், அவள் தொட்டிலில் கிடந்தபோது பாடிய தாலாட்டையே பாட வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. அதற்காகப் பெட்டியில் நானே பல சத்தங்களைத் திருத்தி, ராப்பகலாக உட்கார்ந்து சேமித்து வைத்தேன். வரிக்கு வரி இடைவெளியை வயலினால் நிரப்பியிருந்தேன்.

அன்று மேடையில் பெட்டியைப் போட்டேன். ஜன்னலில் எழுத்துக்குப் பதில் எறும்பு ஊர்ந்தது. உள்ளே ஒரு சிறு பேட்டரி உண்டு. கரண்ட் இல்லாதபோதும் சத்தங்களை ஞாபகம் வைத்திருப்பது அதன் வேலை. அது செத்துப்போயிருந்தது. மணி, வயலின், குழல், ரயில் ஒன்றுமில்லை. எந்த எண்ணை அமுக்கினாலும், டெலிபோனைக் காதில் வைத்தால் வருமே, அந்த ஒற்றைக் கூவல். செல்வி மாலையோடு மேடைக்கு வந்துவிட்டாள். அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் எதுவுமே வரவில்லையா என்று கேட்டார். ஒன்று வருகிறது என்றேன். அந்த ஒன்றில் ஸட்ஜத்தைப் பிடித்துக்கொள், போதும் என்றார்.

பிடித்துக்கொண்டேன். அண்ணன் தாலாட்டை ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. தேடினார், வரவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் நான் பாய்ந்து நிரப்பியிருப்பேன். என்னிடம் அந்த ஒற்றைக் கூவல்தான். ஆரோக்கியம் குழலை எடுத்து, விட்ட வரியை மெல்ல ஊதி, மூச்சு வாங்கி, மறுபடி ஊதினார். அதைப் பிடித்துக்கொண்டு அண்ணன் கரையேறினார்.

முடிந்ததும் செல்வி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களிடம் இறங்கி வந்தாள். அப்பா, எத்தனையோ கச்சேரி பார்த்திருக்கேன், நீங்க பாடுனது எனக்குக் கேட்டது இன்னிக்குத்தான் என்றாள். அண்ணன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அவள் போனபிறகு என் பக்கம் குனிந்து சொன்னார்:

"பேட்டரியை இப்போதைக்கு மாத்தாத."

மொத்தத்தில் அந்தப் பெட்டிக்குள் உலகத்து வாத்தியங்கள் எல்லாம் இருந்தன. வாசிப்பவன் படும் அவஸ்தைதான் அதில் அடங்கவில்லை, அதை நான் தனியாகச் சுமந்துபோக வேண்டியிருந்தது.